ஜங்புராவிலும் இல்லை, நரேலாவிலும் இல்லை: தில்லி சட்டப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களுக்கும் எழுபது தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த கூட்டத்தொடரில் ஏதாவது ஒரு நாள், அதில் அரை நாள், ஜங்புராவில் இடிக்கப்பட்ட மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து போனவர்களைப் பற்றிப் பேரவை பேச வேண்டும். பேசி முடித்த பிறகு அமைச்சர் எழுந்து, அவைக் குறிப்பில் ஏறும்படி பதில் சொல்ல வேண்டும். அலுவல் பட்டியலில் எங்களுக்கு ஒரு வரி இடம், அவ்வளவுதான். இதன் இந்தி வடிவம் உங்கள் மனுக்கள் குழுவுக்குத் தனியே வருகிறது. தமிழில் எழுதுவது, தில்லியில் இருக்கிற நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, ஜூன் 1 காலையில் பாராபுல்லா வடிகால் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப்பில் புல்டோசர்கள் இறங்கின. 370 குடியிருப்புகள். பெரும்பாலும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்து, இரண்டு மூன்று தலைமுறையாக ஜங்புராவிலும் போகலிலும் நிஜாமுதீனிலும் வீட்டுவேலை செய்து பிழைத்தவர்கள். தில்லியின் வடக்கு விளிம்பில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவர்கள் என்று அப்போது அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள். மீதிப் பாதிக்குக் கிடைத்தது இடிபாட்டிலிருந்து சாமான்களை எடுத்துக்கொள்ளும் அவகாசம்.

நீதிமன்றத்தோடு எனக்கு வழக்கு இல்லை. அந்த வடிகால் அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் எங்கள் தெரு என்ன ஆகும் என்பது ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் குடியிருக்கிற எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நீதிமன்றம் குடிசையை எடு என்று மட்டும் சொல்லவில்லை, வேறிடம் கொடு என்றும் சொன்னது. முதல் பாதி ஒரு நாளில் முடிந்தது. இரண்டாம் பாதிக்கு யார் பொறுப்பு என்று பேரவையில்தான் கேட்க முடியும். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

பேரவையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கேள்வி நேரம். பிறகு விதி 280-ன் கீழ் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிப் பிரச்சினையை எழுப்பும் நேரம்: சாக்கடை, குடிநீர், எரியாத தெருவிளக்கு, பள்ளிக்கூடச் சுவர். பிறகு கவன ஈர்ப்பு, மசோதா, அறிக்கை. நான் நேரலையில் பார்ப்பவள். எனக்குப் பிடித்ததும் அந்த 280 தான். கட்சிச் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, "எங்க ஏரியாவுல மூணு நாளா தண்ணி வரல" என்று ஒருவர் எழுந்து சொல்லும்போதுதான் அது மக்கள் மன்றம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த நேரம் முழுக்கத் தொகுதிக் கணக்கில் ஓடுவது. ஒருவருக்காக நீங்கள் எழுந்து நிற்க வேண்டுமானால் அவர் உங்கள் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்.

மதராசி கேம்ப் ஆட்கள் இப்போது யார் பட்டியலில் இருக்கிறார்கள்? ஜங்புராவில் வீடு இல்லை. நரேலாவில் வீடு உண்டு, வாக்காளர் அட்டையில் முகவரி மாறினால்தான் ஓட்டு. தகுதி இல்லை என்று விடப்பட்டவர்களில் சிலர் போகலில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறார்கள், சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். ஜங்புரா உறுப்பினர் கேட்டால் "அவங்க நரேலா போயாச்சு". நரேலா உறுப்பினர் கேட்டால் "அவங்க இப்பத்தானே வந்தாங்க".

2025 பிப்ரவரித் தேர்தலில் ஜங்புராவின் முடிவு 675 வாக்கு வித்தியாசத்தில் வந்தது. முன்னாள் துணை முதல்வரே தோற்ற தொகுதி. 370 வீடு என்றால் எத்தனை ஓட்டு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரச்சார நேரத்தில் அந்தச் சந்துக்குள் எத்தனை கட்சிக்கொடி வந்தது என்பதை நானே பார்த்தேன். நாலே மாதத்தில் அந்தச் சந்து இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 ஆகஸ்ட் மழைக்காலக் கூட்டத்தொடரில் பேரவைக் கட்டடத்தின் ஓர் அறையைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. 2022-ல் முந்தைய ஆட்சி அதைத் தூக்குமேடை அறை என்று சொல்லித் திறந்துவைத்திருந்தது. இல்லை, 1912-ம் வருட வரைபடப்படி அது சாப்பாடு ஏற்றி இறக்கும் டிஃபின் அறை என்றார் இப்போதைய பேரவைத் தலைவர். ஒரு நாளில் முடியாத விவாதம். கூச்சல், எதிர்ப்பு, விசாரணைக்கு உரிமைக் குழு. வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யார் சொன்னது சரி என்ற வழக்கிலும் நான் நுழையவில்லை. என் கவலை கடிகாரத்தைப் பற்றியது. வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும்படி கூடுகிற அவையில் காலியாகக் கிடக்கிற ஓர் அறைக்கு அத்தனை மணி நேரம் கிடைக்கும்போது, இரண்டு மாதம் முன்பு வீடிழந்த குடும்பங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்க வேண்டும்?

கட்டடத்தின் வரலாறுதான் வேண்டுமென்றால் இன்னொன்றும் இருக்கிறதே. 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா விவாதத்துக்கு வந்தது, அப்போது அதே கட்டடத்தில் கூடிய பிரிட்டிஷ் இந்தியாவின் சட்ட மன்றத்தில்தான். அன்று எழுந்து அரசாங்கத்தை எச்சரித்தவர் கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்தவர் காந்தி. வைசிராய் மெய்மறந்து கேட்பதுபோலத்தான் இருந்தது. மசோதா அடுத்த மாதமே சட்டமானது. தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதாக நடிப்பவரை எழுப்ப முடியாது என்று அந்தக் காட்சியை நினைத்துக் காந்தி பின்னாளில் எழுதினார். நம்மூர்ப் பாட்டிகள் அவருக்கு முன்பே சொன்னதுதான்.

நீங்கள் தூங்குவதாக நடிக்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு பதில் மட்டும் தயாராக வைத்திருப்பீர்கள் என்று தெரியும்: "நிலம் எங்கள் கையில் இல்லை." அரசியல் சாசனத்தின் 239ஏஏ பிரிவு நிலத்தையும் காவலையும் பொது ஒழுங்கையும் உங்களிடமிருந்து எடுத்துவிட்டது, உண்மை. நரேலா அடுக்குமாடிகளைக் கட்டியதும் மத்திய அரசின் கீழ் உள்ள தில்லி வளர்ச்சி ஆணையம், அதுவும் உண்மை. ஆனால் குடிசைப் பகுதிகளுக்கான தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் எங்கிருந்து வந்தது? 2010-ல் இந்தப் பேரவை இயற்றிய சட்டத்திலிருந்து. அதன் தலைவர் முதலமைச்சர். குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்ற கொள்கையும் தில்லி அரசின் கொள்கைதான். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன், பட்டியலில் பெயர் விடுபட்டுப்போன விதவை, ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தபோது கணக்கெடுப்பில் தவறிப்போனவள், எல்லோரும் அந்த ஒரு தேதியில் இடறி விழுகிறவர்கள். தேதியை வைத்தவர்கள் தளர்த்தவும் செய்யலாம்.

தகுதி பெற்றவர்களின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் வீட்டில் சமைக்கிற அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம். கேம்ப்பிலிருந்து எங்கள் வாசலுக்கு நடந்தே வந்துவிடுவார். கோலம் காய்வதற்குள் சட்னி அரைக்கும் சத்தம் கேட்கும். நரேலா வீட்டுக்குப் போன புதிதில் சமையலறையில் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்ததாம். அதில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு, கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கினார். வீட்டுக்கான பங்குத்தொகை 1,12,000 ரூபாய், பராமரிப்புக்கு 30,000. கடன் ஏற்பாடு உண்டு என்றார்கள். கடனைக் கட்ட வேலை வேண்டுமே, வேலை இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஜங்புராவில்.

இப்போது இருட்டிலேயே கிளம்புகிறார். நரேலாவிலிருந்து பஸ் பிடித்து சமய்பூர் பாத்லி, அங்கிருந்து மஞ்சள் லைன் மெட்ரோ, காஷ்மீரி கேட்டில் இறங்கி ஊதா லைன், பிறகு ஜங்புரா. பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அது உங்கள் அரசு கொடுத்தது, நன்றி. மெட்ரோவில் காசு. அந்தக் கட்டணமும் 2025 ஆகஸ்ட் 25 முதல் ஏறிவிட்டது. முன்பு நாலு வீட்டில் வேலை பார்த்தவருக்கு இப்போது இரண்டுதான் ஒத்துவருகிறது. பேரவையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்டார்: "விதான் சபாவாம்மா? அது வந்தா சீட்ட விட்டு எந்திரிச்சிரணும். அடுத்தது சிவில் லைன்ஸ், அதுக்கடுத்து காஷ்மீரி கேட். கதவுகிட்ட நிக்கலைன்னா இறங்க விடமாட்டாங்க." உங்கள் அவைக்குக் கீழே தினமும் இரண்டு முறை போய்வருகிற ஒரு வாக்காளருக்கு அதனால் கிடைக்கிற ஒரே பயன் இது.

ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை மெட்ரோ வரும், 2024 டிசம்பரிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது என்பீர்கள். வரட்டும். 26 கிலோமீட்டர் பாதை போட்டு முடிக்கும்வரை காலையில் நரேலாவிலிருந்து லாஜ்பத் நகர் பக்கம் நேராக ஓடும் ஒரு பஸ் விடுங்கள். அதற்கு நிலமும் வேண்டாம், மத்திய அரசும் வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். கேம்ப் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தவர்கள். கழகத்துக்கு ஏழு பள்ளிகள், ஏழும் மத்திய, தெற்கு, மேற்கு தில்லியில். நரேலா பக்கம் ஒன்றுகூட இல்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்றார்கள், சரி. ஒன்பதாவது வரை தமிழை ஒரு பாடமாகப் படித்த பிள்ளை பத்தாவதில் என்ன செய்யும்? அதற்காகவே தாத்தா பாட்டியோடு ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அந்தப் பள்ளிகள் உங்கள் அரசின் நிதியுதவி பெறுபவை. பொதுத்தேர்வு முடியும்வரையாவது பள்ளிப் பேருந்துக்கு வழி செய்ய முடியாதா என்று கல்வி அமைச்சரை ஒருவர் கேட்டால் போதும்.

தில்லித் தமிழர்களான நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலை மந்திர் முருகன் கோயிலில் சஷ்டிக்கு நிற்கிற வரிசையும், தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு வருகிற கூட்டமும் ஒரே ஒரு நாள் மனுக் கொடுக்க வந்திருந்தால் இந்த மடலுக்கு அவசியமே இருந்திருக்காது. மதராசி கேம்ப் என்றால் "அது வேற ஆளுங்க" என்று சொன்ன நம்மவர்களை எனக்குத் தெரியும். சரி, அது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

உங்களிடம் கேட்பது இது. ஜங்புரா உறுப்பினரும் நரேலா உறுப்பினரும் ஒரே கட்சி, ஆளும் கட்சி. இருவரும் சேர்ந்தே விதி 280-ல் எழுப்பலாம். எதிர்க்கட்சியின் 22 பேரில் ஒருவர் குறுகிய கால விவாதத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அன்று தயவுசெய்து வெளிநடப்பு செய்யாதீர்கள், மையப்பகுதிக்கு இறங்கி வெளியேற்றப்படவும் வேண்டாம். நீங்கள் போய்விட்டால் துணை வினா கேட்க ஆளிருக்காது. 370 குடும்பங்களில் இன்று எத்தனை எங்கே இருக்கின்றன, எத்தனை வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் வந்திருக்கின்றன, நிராகரிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது, முகவரி மாற்றத்துக்கு நரேலாவிலேயே முகாம் எப்போது என்று எண்ணிக்கையோடு பதில் வரட்டும். "விரைவில் செய்யப்படும்" என்று அமைச்சர் முடித்தால், அந்த வாக்கியத்தை, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.

எந்த நாள் என்று முடிவானதும் அலுவல் பட்டியலை முதல் நாளே வெளியிடுங்கள். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க அடையாள அட்டை தேவை, அக்காவுக்கு அன்று இரண்டு வீட்டிலும் லீவு சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஜங்புரா எக்ஸ்டென்ஷன் வாக்காளர் ஒருத்தி