எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைக் கணினி விளையாட்டுகளிலிருந்து மீட்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பணம் கட்டி ஆடும் செயலிகளைப் பற்றியும், விடியும்வரை கைப்பேசியில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், வீட்டுக் கணினியிலிருந்து உடனே நீக்க வேண்டியவை என்று அவர் அடுக்கிய வரிசையின் கடைசியில், ராக்கெட் விடும் விளையாட்டுகளையும் ஹெலிகாப்டர் ஓட்டும் விளையாட்டுகளையும் போகிற போக்கில் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இந்திய விமானப்படையில் சேத்தக் ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள்வயிற்றுப் பேரன், 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற விண்வெளி விளையாட்டில் ஊறிப்போனவன். நானோ ஹெலிகாப்டர் பக்கம். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே கணினி. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பது என் மகள் போட்ட சட்டம். அதை அதிகம் மீறுபவன் பேரன் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கெர்பல் விளையாட்டை மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கி 2011 ஜூன் மாதத்தில் முதன்முதலாக வெளியிட்டது. பச்சை நிறக் குட்டி மனிதர்கள், கோணல்மாணலான ராக்கெட்டுகள் என்று பார்வைக்குக் கேலிச்சித்திரம் போலத்தான் இருக்கும். அவர்கள் வாழும் கெர்பின் என்ற கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். நம் பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பூமியைச் சுற்றிவர நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகம் தேவைப்படுகிறது என்றால், அங்கே 2.3 கிலோமீட்டரே போதும். பிள்ளைகள் சலித்துப் போகாமல் இருப்பதற்காகச் செய்த இந்த ஒரு சலுகையைத் தவிர, நியூட்டனின் விதிகளில் அந்த விளையாட்டு பெரிதாக விட்டுக்கொடுப்பதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், சுற்றுப்பாதையில் இருந்த ஒரு விண்கலத்தோடு இன்னொன்றை இணைக்கப் பேரன் போராடிக்கொண்டிருந்தான். இலக்கு அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூக்கை அதன் பக்கம் திருப்பி எஞ்சினை எரித்தான். சற்று நெருங்கியது, பிறகு விலகியது. மறுபடியும் எரித்தான், இன்னும் விலகியது. "தாத்தா, வேகத்தைக் கூட்டக் கூட்ட அது தூரமாப் போகுது, கேம்ல ஏதோ கோளாறு" என்றான். கோளாறு விளையாட்டில் இல்லை. முன்னால் இருப்பதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் நம் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதிகம். ஆகவே நாம் பின்தங்குவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த, குறுகிய பாதைக்கு இறங்கி, அதன் வழியே சீக்கிரம் சுற்றி வந்து, பிறகு மேலே ஏறிச் சேர வேண்டும். ஓடுகிற பேருந்தைத் துரத்திப் பிடித்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத்தான் படும்.

அவனுக்கு நேர்ந்தது அசல் விண்வெளி வீரர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1965 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை மேலே கொண்டுவந்துவிட்டுப் பிரிந்து மிதந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்க முயன்றார். அதை நோக்கித் திரும்பி, உந்தி, திரும்பி, உந்தி, அது நழுவிக்கொண்டே போக, எரிபொருள் மளமளவென்று கரைந்ததும் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அவர் தேர்ந்த சோதனை விமானி. விமானத்தில் பழகிய கை சொன்னதைச் செய்தார், அந்தப் பழக்கம் அங்கே எடுபடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, கணக்கின்படி தாழ்ந்த பாதையிலிருந்து ஏறி வந்த ஜெமினி 6ஏ, ஜெமினி 7 கலத்துக்கு அரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றது.

நம் இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் சந்தித்து இணைந்தது 2025 ஜனவரி 16 அன்றுதான். அதற்கு நான்கு நாள் முன்பு மூன்று மீட்டர் வரை நெருங்கிவிட்டுப் பின்வாங்கியபோது, ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் தேநீர்க்கடையில் பேச்சு நடந்தது. என் பேரன் மட்டும் கேட்கவில்லை. கெர்பலில் கலங்களை மோதவிட்டு நொறுக்கியவனுக்கு, நெருங்கிய பிறகு பின்வாங்கத் தெரிவதும் ஒரு திறமை என்று தெரிந்திருந்தது.

இனி ஹெலிகாப்டருக்கு வருகிறேன். பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓட்டுபவரின் இடது கைப்பக்கம் கலெக்டிவ் என்ற நெம்புகோல் இருக்கும். அதை உயர்த்தினால் மேலே சுழலும் இறக்கைகள் எல்லாம் ஒருசேரக் கோணம் கூடி வண்டியைத் தூக்கும். எஞ்சின் நின்றதும், தரை நம்மை நோக்கி ஏறி வருவதைப் பார்க்கிற மனம், அந்த நெம்புகோலை மேலே இழு என்றுதான் கத்தும். இழுத்தால், இறக்கைகள் காற்றின் எதிர்ப்பில் வேகம் இழந்து சில நொடிகளில் சுழற்சி செத்துவிடும்; அதன் பிறகு மீட்சி இல்லை. செய்ய வேண்டியது நேர் எதிர்: உடனே நெம்புகோலைக் கீழே அழுத்த வேண்டும். கோணம் குறைந்த இறக்கைகளை, கீழிருந்து மேல்நோக்கி வீசும் காற்றே காற்றாடியைப் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, சுழற்சியில் சேர்த்து வைத்த ஆற்றலைக் கடைசி நேரத்தில் நெம்புகோலை இழுத்துச் செலவழித்தால் வண்டி மெல்ல உட்காரும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர்.

இறக்கைகளை மாற்றிப் பொருத்திய பிறகு, இந்த நிலையில் அவை சரியான வேகத்தில் சுழல்கின்றனவா என்று பறந்து பார்த்தே தீர வேண்டும். அப்படிப்பட்ட சோதனைகளில் அளவீட்டைக் குறித்துக்கொள்ளப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். விமானி நெம்புகோலை அழுத்திய கணத்தில் வயிறு தொண்டைக்கு வரும். பென்சில் மடியிலிருந்து எழும்பும். எஞ்சினின் இரைச்சல் தணிந்து இறக்கைகளின் சத்தம் மட்டும் கேட்கும். என் கண், சுழலும் வேகத்தைக் காட்டும் முள்ளை விட்டு நகராது. எத்தனை முறை போனாலும் என் இடது கை இருக்கையின் விளிம்பை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும் என்பதை அந்த நாட்களில் யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஆடும் 'மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்' என்ற விமானம் ஓட்டும் விளையாட்டில் 2022 நவம்பரில் பெல் 407, கேப்ரி ஜி2 என்ற இரண்டு ஹெலிகாப்டர்களைச் சேர்த்தார்கள். முன்னது அமெரிக்க வழியில் வந்தது. மேலிருந்து பார்த்தால் அதன் இறக்கைகள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். பின்னது எங்கள் சேத்தக்கைப் போலவே பிரான்சில் பிறந்தது. கடிகார முள்ளின் திசையில் சுழலும். இறக்கை ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும் என்பதால், தரையை விட்டு எழும்போது பெல்லில் இடது பெடலையும் கேப்ரியில் வலது பெடலையும் அழுத்த வேண்டும். விளையாட்டு இதைப் பிழையில்லாமல் காட்டுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பேரன் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தான். பெல்லிலிருந்து கேப்ரிக்கு மாறி, தவறான காலை அழுத்தி மூன்று முறை தட்டாமாலை சுற்றிய அன்றுதான் அது அவன் காலுக்கு எட்டியது.

எதற்கு இரண்டையும் ஒரே கடிதத்தில் பேசுகிறேன் என்று தோன்றலாம். விண்கலமும் ஹெலிகாப்டரும் உண்மையிலேயே உறவுக்காரர்கள். அப்பல்லோ வீரர்கள் நிலவில் இறங்கப் பழகியது ஹெலிகாப்டரில்தான். 1971 ஜனவரியில் யூஜீன் செர்னன் அப்படியொரு பயிற்சியில் ஃப்ளோரிடாவின் நீர்ப்பரப்பில் விழுந்து உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவரே நிலவில் இறங்கினார். ஹெலிகாப்டர் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால், கலத்தைத் தாங்கும் உந்துவிசையும் அந்த அளவுக்குக் குறைவாக இருக்கும். பக்கவாட்டு வேகத்தை நிறுத்த, பூமியில் சாய்ப்பதைப் போலப் பல மடங்கு சாய்க்க வேண்டும். அதைப் பழகவென்றே செய்த ஒரு விசித்திர வண்டி 1968 மே 6 அன்று கட்டுப்பாட்டை இழந்தபோது, நீல் ஆம்ஸ்ட்ராங் இருக்கையோடு வெளியே எகிறித் தப்பினார். கெர்பலின் நிலாவில் என் பேரனின் கலங்கள் பக்கவாட்டில் சறுக்கிக் கவிழ்ந்ததற்கும் காரணம் அதுவேதான்.

இங்கேயும் அப்படித்தான். சந்திரயான் 3 லேண்டரின் உணர்கருவிகளையும் வழிகாட்டும் அமைப்பையும் ஹெலிகாப்டரில் பொருத்திப் பறக்கவைத்துத்தான் இஸ்ரோ சோதித்தது. புஷ்பக் என்ற மறுபயன்பாட்டு விண்ணூர்தியின் மாதிரியை 2023 ஏப்ரல் 2 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 4.5 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்று விடுவித்தது விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர். எஞ்சின் இல்லாமல் சறுக்கி வந்து அது தானாகவே ஓடுபாதையில் இறங்கியது.

இரண்டு துறையும் ஒன்றாகவே ஆகிவிட்ட இடம் செவ்வாய். 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பலராம், சென்னை ஐஐடியில் படித்தவர். அதன் எடை 1.8 கிலோ. செவ்வாயின் காற்று, அடர்த்தியில் நம் காற்றின் நூற்றில் ஒரு பங்கு அளவே இருப்பதால், பெல் 407இன் இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 400 முறை சுழலும் வேலைக்கு அதன் இறக்கைகள் 2,400 முறைக்கு மேல் சுழன்றன. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு அடுக்குகள் என்பதால் வாலில் விசிறி தேவைப்படவில்லை. ஐந்து முறை பறந்தாலே வெற்றி என்று அனுப்பப்பட்டது 72 முறை பறந்து, 2024 ஜனவரி 18 அன்று இறக்கை சேதமடைந்து ஓய்ந்தது. சமிக்ஞை போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால் ஒருமுறைகூட யாரும் அதை இங்கிருந்து கையால் ஓட்டவில்லை. அது தானாகப் பறக்கும்படி செய்ததில் பாதி வேலை, அதற்கு முன்பே கணினிக்குள் ஆயிரம் முறை பறக்கவிட்டுப் பார்த்த வேலை. என் பேரனின் மேசையில் நடப்பதும் அந்த வகைதான், மிகச் சிறிய அளவில்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கெர்பலில் ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டுமே கலத்தின்மேல் செயல்படும். ஆகவே சூரியனை ஆராயும் நம் ஆதித்யா எல்1 கலம் நிலைகொண்டிருக்கும் லக்ராஞ்சு புள்ளி, அதாவது சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கலத்தைப் பூமியோடு கூடவே சுற்றவைக்கும் இடம், என்ற ஒன்றே அந்த உலகத்தில் கிடையாது. அசல் ஹெலிகாப்டரில் வண்டி சறுக்குவதைக் கண்ணுக்கு முன்பே இடுப்பு உணர்ந்துவிடும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஆடும்போது இடுப்புக்கு எந்தச் செய்தியும் வராது. நல்ல ஜாய்ஸ்டிக்கின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமை. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகிற ஆபத்தும் இருக்கிறது. அதற்கு என் மகளைப் போன்ற ஒருவர் வீட்டில் வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே வெளியிட்டு வந்த 'ஆர்பிட்டர்' என்ற மென்பொருள், அசல் பூமி, அசல் நிலவு, அசல் தூரங்களோடு இயங்குவது. 2021இல் அதன் மூல நிரலையும் திறந்துவிட்டார். ஹெலிகாப்டருக்கு 'ஃபிளைட்கியர்' இருக்கிறது, அதுவும் இலவசம். நம் அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் வாரம் ஒரு பாடவேளை இவற்றுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் முட்டுக்கட்டை. தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தமிழில் ஒரு தொடராக வழிகாட்டினால், ஹெலிகாப்டர் பகுதியை ஊதியம் எதிர்பாராமல் எழுதித்தர நான் தயார்.

கட்டுரையாளர் தம் வரிசையைத் திருத்த முன்வருவாரானால், எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று பெற்றோர் கண்டுகொள்ள ஒரு எளிய சோதனையையும் அதில் சேர்க்கலாம். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். ராக்கெட் வானத்தில் அப்படியே நின்றுவிட்டால், ஹெலிகாப்டர் அந்தரத்தில் அசையாமல் தொங்கினால், அது வெறும் பொம்மை; நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் அணைந்த பிறகும் கலம் தன் பாதையில் சுற்றிக்கொண்டே போனால், ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கி, பிள்ளையின் இடது கை சட்டென்று கீழே அழுத்தினால், தயவுசெய்து அந்தக் கணினியை அணைத்துவிடாதீர்கள். அவன் தரையிறங்க இன்னும் அரை நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
விமானப்படை முன்னாள் தொழில்நுட்பர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.