பாப்பாவுக்கு, இந்த முறை எதையும் விடாமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தம்பி மூலம் அனுப்பிய எள்ளுருண்டை வந்ததா? போன் போட்டால் “அப்புறம் பேசறேன்மா” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எலும்பு மெலிவுக்கு வருஷம் ஒருமுறை போடும் ட்ரிப்ஸ், அதைப் போடவேண்டிய ஐப்பசி தாண்டிவிட்டது என்று மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார். அவரைக் கோபிக்காதே. ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் தள்ளிப்போனதால் எதுவும் கெட்டுவிடாது. அந்த ட்ரிப்ஸில் உள்ள ஜோலெட்ரோனிக் ஆசிட் எலும்பில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் வேலை செய்யும் மருந்து. தவறக்கூடாதது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசி. அதைப் பாதியில் விட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்து உண்டு. யாரோ சொன்னார்கள் என்று அதற்கு மாறும் எண்ணமிருந்தால் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறு.

போன வருஷம் ட்ரிப்ஸ் போட்ட மறுநாள் ராத்திரி உனக்கு வந்த குளிரும் காய்ச்சலும், அடித்துப்போட்ட மாதிரி இருந்த உடம்புவலியும் அலர்ஜி இல்லை. இந்த மருந்து ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்களை உசுப்பிவிடும். அவை வெளியே விடும் பொருள்கள்தான் ஃப்ளூ மாதிரி காய்ச்சலைக் கொண்டுவருகின்றன. பெரும்பாலும் மூன்று நாளுக்குள் இறங்கிவிடும். சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட இழுக்கும். கணக்கு டீச்சருக்குக் கணக்காகவே சொல்கிறேன். 2007இல் வெளியான பெரிய ஆய்வில், சுமார் 7,700 பெண்களில் பாதிப்பேருக்கு இந்த மருந்தைப் போட்டார்கள். முதல் தடவை இந்தத் தொந்தரவு மூன்றில் ஒருத்திக்கு வந்தது. இரண்டாம் வருஷம் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான். மூன்றாம் வருஷம் மூன்று பேர். கஷ்டமான தடவையை நீ தாண்டிவிட்டாய்.

பாப்பா, இதெல்லாம் எனக்குப் போன வருஷமே தெரியும். வார்டில் முப்பது வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா? சொன்னால் நீ போகமாட்டாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு நீ நடுங்கிக்கொண்டே போன் செய்தபோதும் “எல்லாருக்கும் வர்றதுதான், தூங்கு” என்றேன். அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்கென்றால் உட்காரவைத்து எல்லாம் சொல்லியிருப்பேன். என் பெண்ணுக்குச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அந்த மருந்தின் மேல் உனக்கு வந்த பயத்தில் பாதி நான் உண்டாக்கியது.

இனி ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

முதலில் பல். கீழ்க்கடைவாயில் வலி என்றாயே, அதைப் பார்த்துவிட்டுத்தான் ட்ரிப்ஸ். பிடுங்கவேண்டுமென்றால் பிடுங்கி, புண் முழுக்க ஆறிய பிறகு. இந்த மருந்து போட்டவர்களுக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடையெலும்பு வெளியே தெரிவது மிக அரிது, ஆனால் வந்தால் லேசில் போகாது. பல் டாக்டரிடம் மருந்தின் பேரைச் சொல்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி 20க்குக் கீழே இருந்தால் அதை ஏற்றிக்கொண்ட பிறகுதான். கால்சியம் குறைவாயிருக்கும்போது போட்டால் உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்நுனியில் ஊசி குத்துவது, கெண்டைக்காலில் இழுப்பு எல்லாம் வரும். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு. காலையில் போடும் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒன்றாக விழுங்குகிறாயோ என்று எனக்குச் சந்தேகம்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் நார்மல் என்று லேப் சீட்டில் போட்டிருந்தால் மட்டும் போதாது. நீயே போட்டுப் பார்: 140இல் வயதைக் கழி, எடையால் பெருக்கு, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கு, 72ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகு. உனக்கு 54 வயது, 48 கிலோ, போன சீட்டில் 0.9. விடை 54. கிட்னி வடிகட்டும் அளவு இது. இது 35க்குக் கீழே போனால் இந்த மருந்தைப் போடக்கூடாது.

போடும் நாளில் பட்டினி கிடக்காதே. போவதற்கு முன் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர், வந்தபிறகும் தண்ணீர். பாட்டிலை நீயே வாங்கிப் படி: 100 மில்லியில் 5 மில்லிகிராம். 4 மில்லிகிராம் என்றிருந்தால் அது புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுப்பது. கால்சியம் உள்ள ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) குளுக்கோஸ் மாதிரி ஏற்றும் பாட்டிலோடு ஒரே லைனில் விடக்கூடாது. போன தடவை சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை முழுக்கத் திறந்துவிட்டார்கள் என்றாய். 15 நிமிஷத்துக்குக் குறைந்தால் கிட்னிக்கு ஆபத்து. அரை மணி நேரமாக விடச்சொல். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிஷத்துக்கு 67 சொட்டு. வாட்ச்சைப் பார்த்து 15 வினாடியில் 17 விழுகிறதா என்று எண்ணு.

ட்ரிப்ஸுக்கு முன்பே ஒரு பாராசிட்டமால் 650. பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, மூன்று நாளைக்கு, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். சளிமாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், சேர்த்துப் போடாதே. டைக்ளோஃபெனாக் மாதிரி வலிமாத்திரைகளை நீயாக வாங்காதே, கிட்னிக்கு அதுவும் சேர்ந்து பாரம். தண்ணீர் குடி. வெள்ளிக்கிழமை போட்டால் சனி ஞாயிறு படுத்துக்கொள்ளலாம். பரீட்சைப் பேப்பர் திருத்தும் வாரத்தில் வைத்துக்கொள்ளாதே.

கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாவிட்டால் அன்றைக்கே கண் டாக்டர். நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தால் ஈ.சி.ஜி. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆனபிறகு தொடையிலோ இடுப்புக் கவட்டிலோ காரணமில்லாத வலி வந்தால் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே. தொடையெலும்பு நடுவில் விரிசல் விடுவது அபூர்வம், வருஷங்கள் கூடக்கூடத்தான் ஆபத்தும் கூடும். அதனால்தான் மூன்று தடவை போட்டபின் பலருக்கு நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அந்த ஆய்விலேயே மூன்று வருஷத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதம் குறைந்தது, இடுப்பு முறிவு 41 சதவீதம். எலும்பு அடர்த்தியைக் காட்டும் உன் டி ஸ்கோர் மைனஸ் 2.9, எலும்பு மெலிவுதான். நாற்பத்திரண்டில் முட்டைப்பையையும் எடுத்தாயிற்று, எலும்பு மெலிய அதுவும் ஒரு காரணம். ஆச்சி கடைசி இரண்டு வருஷம் கிடந்த கட்டில் உனக்கு நினைவிருக்கும்.

போடுவதென்றால் தேதியை மட்டும் சொல், முந்தின நாள் வந்து நான்கு நாள் இருக்கிறேன். வேண்டாமென்று முடிவெடுத்திருந்தால் அதையும் சொல், சண்டை போடமாட்டேன். வைட்டமின் டி சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. பல் டாக்டரை இந்த வாரமே பார்.

அம்மா