இன்சுலின் போடும் பிள்ளைகளும் ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விளையாட்டுச் செய்திகளுக்குத் தங்கள் நாளிதழ் நல்ல இடம் தருகிறது. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் உபஜில்லா (கல்வி உள்மாவட்ட) போட்டிகளில் ஓடுகிறவர்கள்தாம். அவர்களில் டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். இன்சுலின் போடுகிறாள் என்று தெரிந்ததும் ஒரு பயிற்சியாளர், "மயங்கி விழுந்தா யார் பொறுப்பு?" என்று உட்கார வைத்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடித்தான் மறுபடி இறங்கினாள்.

நிதானமாக நெடுநேரம் ஓடினால் சர்க்கரை இறங்கும். உயிரைக் கொடுத்து ஓடும் குறுகிய ஓட்டத்திலோ பல நேரம் ஏறிவிடுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்ததும் கல்லீரல் தன் இருப்பிலுள்ள குளுக்கோஸை ரத்தத்தில் இறக்குகிறது; அதைச் சமாளிக்க இவர்கள் உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஒருநாள் ஓடி முடித்ததும் சர்க்கரை மீட்டரில் 260. அண்ணி பதறிப்போய் வழக்கமான கணக்கில் ஊசி போட்டுவிட்டார். இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் 54. தலையணை நனைய வேர்த்திருந்தது; ஒன்று கேட்டால் இன்னொன்று சொன்னாள். களைத்த தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருப்பதால் 24 மணி நேரம் வரைகூட இப்படி இறங்கலாமாம். ஓடியபின் வரும் ஏற்றத்துக்கு ஊசி வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வைப்பதுதான் புத்தி.

மைதானத்தில் மீட்டரும் குளுக்கோஸும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சர்க்கரை 250க்கு மேலிருந்து கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) கூடியிருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். பாலக்காட்டு வெயிலில் இன்சுலின் பேனாவைப் பையோடு போட்டு வைக்கவும் கூடாது.

பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரம் இந்த நோயோடுதான் 2003 உலகக் கோப்பையில் 500ஆவது ஒருநாள் விக்கெட்டை எடுத்தார். பிள்ளைகள் மேலே போகப் போக வேறொரு சிக்கலும் உண்டு: இன்சுலின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவ விலக்கு வாங்க வேண்டும் என்பது எத்தனை பி.டி. மாஸ்டர்களுக்குத் தெரியும்?

கேரள அரசின் 'மிட்டாயி' திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் தருகிறது. அதன் வழியாகவே உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒருநாள் பயிற்சி கொடுக்கலாம். கூடவே தமிழில் ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டால் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளில் ஒட்டி வைக்க உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்