புதன்கிழமை ஆட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள்

பினாங்கில் உள்ள நம் இளைஞர் மன்றங்கள், பூப்பந்துக் குழுக்கள், ஆலயச் செயலவைகள், தண்ணீர்ப்பந்தல் குழுக்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். கெலுகோர் வட்டாரத்தில் ஓர் இளைஞர் மன்றத்தில் நான்கு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, மண்டபத்துக்கு மனு போடுவது, நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்குவது எல்லாம் என் வேலை. 2015-இல் பாயான் லெப்பாசில் இரவு வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும்போது விபத்து. முதுகுத்தண்டில் அடி. அதன்பிறகு சக்கர நாற்காலி. கொடுப்பவர் வரிசையிலும் இருந்திருக்கிறேன், வாங்குபவர் வரிசையிலும் இருந்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

செயலாளராக இருந்தபோது, டிசம்பர் 3 அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி ஒரு நிகழ்ச்சி செய்தோம். ஏற்பாட்டுக் குழுவுக்கு நான்தான் தலைவர். ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய், மைலோ, பிஸ்கட் டின். முப்பது பேரை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிரமுகர் கையால் பை கொடுத்துப் படம் எடுத்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் எல்லாரும் போய்விட்டார்கள். அன்று வந்தவர்களில் ஒருவரிடம்கூட, "புதன்கிழமை ராத்திரி இதே மண்டபத்தில் பூப்பந்து ஆடுகிறோம், நீங்களும் வாங்க" என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர்களும் ஆட வரக்கூடியவர்கள் என்பது உறைக்கவில்லை, அவ்வளவுதான். இன்றுவரை அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அரிசிப் பையை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அதை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் உண்டு, எனக்கே தெரியும். ஆனால் ஒரு நாள் பை கொடுத்துவிட்டு மீதி 364 நாளும் எங்களை மறந்திருந்தால், நம் மன்றத்தில் எங்களுக்கும் இடம் உண்டு என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் கேட்பது புதன்கிழமையை. மாலை, பேனர், பிரமுகர் எதுவும் இல்லாமல் வாராவாரம் வருகிற சாதாரணப் புதன்கிழமையை.

விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, மறுவாழ்வு மையத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொண்ட தைரியத்தில், வேறொரு மண்டபத்துக்குப் பழைய நண்பர்களோடு ஆடப் போனேன். சக்கரம் தரை விரிப்பைக் கெடுத்துவிடும் என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் வாசலிலேயே தடுத்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். நண்பர்களும் எனக்காக வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுவிட்டு உள்ளே போய் ஆடினார்கள். நான் வெளியே அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தரை விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம். பூப்பந்துக் காலணி தரையில் கறுப்புக் கோடு போடக்கூடாது என்று நாம் விதி வைத்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரி கோடு போடாத ரப்பரில் சக்கரமும் கிடைக்கிறது. வெளியில் உருட்டி வந்த நாற்காலியாக இருந்தால், கோர்ட்டில் ஏறுமுன் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்தால் மணலும் அழுக்கும் போய்விடும். ஒரு வாளி, ஒரு துணி, இரண்டு நிமிடம்.

ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். வலையைத் தாழ்த்த வேண்டியதில்லை. சக்கர நாற்காலிப் போட்டிகளிலும் நடுவில் அதே 1.524 மீட்டர் உயரம்தான். ஒற்றையர் ஆட்டம் அரைக் கோர்ட்டில் நடக்கும். வலைக்கும் முன் சர்வீஸ் கோட்டுக்கும் நடுவில் பந்து விழுந்தால் வெளியே விழுந்ததாகக் கணக்கு. இவ்வளவு தெரிந்தால் நாளைக்கே ஆரம்பிக்கலாம். நாற்காலியில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பின்பக்கம் கவிழாமல் தாங்கும் சின்னச் சக்கரம் கட்டாயம் இருக்க வேண்டும். உயரமாக வரும் பந்தை அண்ணாந்து அடிக்கும்போது நாற்காலி அப்படியே பின்னால் சாய்ந்துவிடும். எனக்கு ஒருமுறை சாய்ந்தது.

நின்று ஆடுபவரும் உட்கார்ந்து ஆடுபவரும் ஜோடி சேரலாமா? சேரலாம். நானும் என் மச்சானும் ஜெலுத்தோங்கில் ஒரு திறந்தவெளிக் கோர்ட்டில் சேர்ந்து ஆடிப் பார்த்தோம். வலது பாதி எனக்கு, இடது பாதியும் வலையோரமும் அவனுக்கு. முதல் வாரம் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போய் மோதிக்கொண்டோம். மூன்றாவது வாரத்தில் கணக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் வாரம் பாவம் பார்த்து மெதுவாகத் தட்டிக்கொடுத்த எதிராளிகள், மூன்றாவது வாரம் ஸ்மாஷ் அடித்தார்கள். ஒரு பந்து என் தோளில் பட்டென்று விழுந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எத்தனையோ மாதம் கழித்து ஒருவர் என்னைத் தோற்கடிக்க நினைத்தார்.

பாராலிம்பிக்கில் பூப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது டோக்கியோவில், 2021-இல். அங்கே நம் நாட்டின் சியா லீக் ஹோ தங்கம் வென்றார். 2024-இல் பாரிசிலும் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அந்த இரண்டு முறையும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்து குவிந்தது, நானும் அனுப்பினேன். பெருமையான விஷயம்தான். ஆனால் எங்களில் பெரும்பாலானோர் பதக்கத்துக்காக ஆட நினைப்பவர்கள் இல்லை. 21 புள்ளி ஆடி, வியர்த்து, அப்புறம் எல்லாரோடும் போய் ஒரு தே தாரிக் குடிக்க நினைக்கிறோம். நாட்டுக்கு ஆடும் வீரரைக் கொண்டாடத் தெரிந்த நமக்கு, பக்கத்து புளோக்கில் இருப்பவரை ஆடக் கூப்பிடவும் தெரிய வேண்டும்.

பூப்பந்து எல்லாருக்கும் ஒத்துவராது. எங்கள் அடுக்குமாடியில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு தங்கை இருக்கிறாள். கையை நினைத்தபடி அசைக்க முடியாது, பேச்சு மெதுவாக வரும், மூளை மட்டும் கத்தி மாதிரி. அவளுக்காகத்தான் போச்சியா என்ற ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். சிவப்புப் பந்து ஆறு, நீலப் பந்து ஆறு, வெள்ளைப் பந்து ஒன்று. வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் யார் தன் பந்துகளைக் கொண்டு சேர்க்கிறாரோ அவருக்குப் புள்ளி. போச்சியா கோர்ட்டின் அளவு 12.5 மீட்டருக்கு 6 மீட்டர். பூப்பந்துக் கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். அதாவது, நம் மண்டபத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும் கோடுகளுக்குள்ளேயே அது அடங்கிவிடும். வலையைக் கழற்றி டேப் ஒட்டினால் ஆட்டம் தயார்.

பந்தை எறிய முடியாதவர்களுக்குச் சாய்வான ஒரு குழல் உண்டு. அதன் மேல் பந்தை வைத்து உருட்டிவிடலாம். பழகுவதற்கு, பாதியாக அறுத்த பிவிசி குழாயே போதும். குழலை நகர்த்த ஓர் உதவியாளர் இருப்பார். அவர் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. இது அந்த ஆட்டத்தின் விதி. எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்பதை ஆடுபவர் சொல்லுவார், உதவியாளர் கை மட்டும் கொடுப்பார். பந்தை உருட்டிவிடுவது ஆடுபவர்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுக்கு உதவ வருகிற எத்தனையோ நல்லவர்கள், நாங்கள் எங்கே உட்கார வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். கை கொடுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள் என்று சொல்லத் தெரியாமல் இத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தேன். ஒரு விளையாட்டு அதைத் தன் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆலயச் செயலவைகளுக்கு இரண்டு வார்த்தை.

எங்கள் மாடியில் ஓர் அக்காவின் மகனுக்கு ஆட்டிசம். வயது இருபத்து நான்கு. பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருந்தவரை காலையில் போய்வர ஓர் இடம் இருந்தது. பள்ளி முடிந்ததும் வீடும் தொலைக்காட்சியும்தான். கோயிலில் உருமி மேளம் முழங்கினால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான், ஆனால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். சத்தம் வலிக்கிறது, தாளம் பிடிக்கிறது. நான் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்துக் காதுமூடி ஒன்றைக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு முழங்கால் மேல் தாளம் போட்டான், ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. உங்கள் உருமிக் குழுவின் பயிற்சியில் அவனுக்கு ஓர் ஓரமும் ஒரு ஜால்ராவும் கொடுக்க முடியுமா? அவன் அங்கே இருக்கும் ஒரு மணி நேரம் அவன் அம்மாவுக்கும் கிடைக்கும். திருமணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு மாலைப்பொழுது இருந்ததில்லை என்று அந்த அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் என்னைத் தூக்கிக்கொண்டு போக எத்தனையோ பேர் முன்வந்திருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு ஆசை வேறு. ஒரு வருடம், தண்ணீர்ப்பந்தலில் தொண்டு செய்யலாம் என்று காலையிலேயே போனேன். பந்தல்காரர்கள் அன்போடு வரவேற்று, நிழலில் இடம் பிடித்துக் கொடுத்து, கையில் மோர் டம்ளரையும் கொடுத்தார்கள். நான் மோர் ஊற்ற வந்திருந்தேன். பரிமாறும் மேசை என் நெற்றி உயரத்தில் இருந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு உங்கள் பந்தலில் ஒரே ஒரு மேசையை மட்டும் தாழ்வாகப் போடுங்கள். நாங்கள் நான்கு பேர் வருகிறோம், அண்டா காலியாகும்வரை நகரமாட்டோம். பொங்கல் கோலப் போட்டிக்கும் இதே யோசனைதான்: தரையில் குனிய முடியாதவர்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்த பலகை ஒன்றை மேசை மேல் வைத்தால் அவர்களும் புள்ளி வைப்பார்கள்.

"ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். புதன்கிழமை ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கியவர்களை, மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்களை நாம் பார்த்ததில்லையா? அவர்களுக்கு என்ன செய்தோமோ அதுவே எங்களுக்கும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதை எங்களிடமே கேளுங்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களில் சிலருக்கு வியர்வை சரியாக வராது, உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும், அதனால் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு தளர்ந்திருக்கலாம், குட்டிக்கரணம் மாதிரியானவற்றுக்கு முன்னால் மருத்துவரைக் கேட்பது நல்லது. காது கேளாதவருக்கோ கேரம் ஆட எதுவுமே மாற்ற வேண்டியதில்லை, ஆட்ட நேரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் போதும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை. இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், அதாவது சட்டம் 685-இல், 31-ஆவது பிரிவு கலாசார வாழ்க்கையைப் பற்றியது, 32-ஆவது பிரிவு பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு பற்றியது. மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறது. சட்டம் இயற்றப்பட்டபோது, மறுத்தால் இன்ன தண்டனை என்று அதில் சொல்லப்படவில்லை. ஆகவே அந்தப் பிரிவுகள் ஏட்டில் இருப்பதும் நடப்புக்கு வருவதும் உங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது.

எங்களுக்கென்றே தனிச் சங்கங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, வேண்டும், நானும் ஒன்றில் உறுப்பினர். ஆனால் என் பள்ளித் தோழர்கள், என் மச்சான், என் பழைய எதிராளிகள் எல்லாரும் உங்கள் மன்றத்தில் இருக்கிறார்கள். ஒரே அணியில் இரண்டு தரப்பும் கலந்து ஆடும் முறை உலகில் புதிதும் இல்லை. சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடுகிறார்கள்.

செலவு? வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி இருந்தால், 1.8 மீட்டர் நீளத்துக்கு ஒரு சாய்தளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. மண்டபம் மாநகர் மன்றத்துடையது என்றால் மனு எழுத வேண்டும், மனுவை நான் எழுதித் தருகிறேன், அந்த வேலை எனக்கு மறக்கவில்லை. சாய்தளம் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் அதன் குறுக்கே மோட்டார்சைக்கிள் நிறுத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

அப்புறம் ஒன்று. நாம் ஆடும் மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை ஒன்று இருக்கிறது. பூட்டிக் கிடக்கும், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். செயலாளராக இருந்தபோது அவற்றை அங்கே அடுக்கச் சொன்னவன் நான்தான். முதல் வேலையாக அதைக் காலி செய்துவிடலாம். நாளைக் குறித்து எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். உட்கார்ந்தபடியே நாற்காலிகளை வெளியே எடுத்துக் கொடுக்க என்னால் முடியும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் செயலாளர்களில் ஒருவன்,
கெலுகோர், பினாங்கு