வண்டியை விட்டு இறங்காதே

வின்னிபெக், கனடா,
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் போனில் நீ, "குளிர் தாங்க முடியுதாடா?" என்று கேட்டாய். "பழகிடுச்சுக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு ராத்திரி பனிப்புயலில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டேன். போனில் சொன்னால் உன் குரல் மாறும், பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். கை, கால், காது, மூக்கு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி பதறாமல் படி.

மைனஸ் 30 என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்தால் இமை முடியில் வெள்ளையாகப் பனி பிடிக்கும், கண்ணை மூடித் திறக்கும்போது லேசாக இழுக்கும். காலடியில் பனி கிறீச்சிடும். மைனஸ் 40க்குப் போனால் செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டிலும் ஒரே எண்தான். காற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதை இங்கே விண்ட் சில் என்பார்கள். அது மைனஸ் 40ஐத் தாண்டிவிட்டால், மூடாத தோல் பத்து நிமிஷத்துக்குள் உறைந்துபோகும். இதற்கெல்லாம் உடுப்பு இருக்கிறது, அக்கா. உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை. பருத்தி மட்டும் ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், அந்த ஈரம்தான் ஆளைச் சாய்க்கும். உடம்பைக் காப்பாற்ற இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மனசை என்ன செய்வது என்பதைத்தான் நான் அந்த ராத்திரி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

போர்ட்டேஜ் லா பிரெய்ரியில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து மேற்கே 85 கிலோமீட்டர் போல இருக்கும், தட்டையான வெட்டவெளி. பாதி வழியில் காற்று கிளம்பியது. வானத்திலிருந்து விழுந்ததைவிடத் தரையில் கிடந்த பனியைக் காற்று வாரி இறைத்ததுதான் அதிகம். வண்டியின் முன்விளக்கு வெளிச்சமே எனக்குத் தெரியவில்லை. மெதுவாக ஓரம் கட்டப் போய், வலது சக்கரங்கள் சரிவில் இறங்கிவிட்டன. அப்போது மணி ஒன்பது. அவசர உதவி எண்ணான 911க்கு அழைத்தேன். சாலையை மூடிவிட்டார்கள், காற்று அடங்கும்வரை யாரும் வர முடியாது, எது நடந்தாலும் வண்டியை விட்டு இறங்காதே என்றார்கள். போனில் பாதி சார்ஜ் இருந்தது. குளிருக்கு அது சட்டென்று இறங்கி, பத்து மணிக்கெல்லாம் அணைந்துவிட்டது.

இந்த ஊர் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர். குளிரில் உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகத் தானே பலமுறை உறைநீரில் இறங்கியவர். உறைநீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். முதல் 1 நிமிஷம் மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர, அடுத்த 10 நிமிஷம் கை கால் சொன்னபடி கேட்கும், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். குளிர் உடனே கொன்றுவிடாது, பதற்றம்தான் முந்திக்கொள்கிறது என்பது அவர் சொல்வதன் சாரம். நான் தண்ணீரில் விழவில்லை. ஆனாலும் போன் அணைந்த அந்த நிமிஷம் என் மூச்சு தண்ணீரில் விழுந்தவன் மூச்சு மாதிரிதான் இருந்தது.

அப்புறம் நடந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். பதினொன்றரை வாக்கில் இடது பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பண்ணை வீடாக இருக்கும், இதோ கூப்பிடு தூரம்தான் என்று தோன்றியது. இறங்கக் கூடாது என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தும் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். எட்டு அடி வைத்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் வண்டி இல்லை. முன்னால் தெரிந்த வெளிச்சமும் இல்லை. அசையாமல் நின்றேன். ஒரு கணம் காற்று தணிந்தபோது வண்டியின் அபாய விளக்கு ஒரே ஒருமுறை மஞ்சளாக மினுங்கியது. அதை நோக்கிப் போய்க் கதவைப் பிடித்தேன். அந்தக் கைப்பிடியைப் பிடித்த உணர்வு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸிலிருந்து 35க்குக் கீழே இறங்க ஆரம்பித்தாலே யோசனை குழம்பத் தொடங்கிவிடுமாம். வார்த்தை குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கடைசிக் கட்டத்தில் சிலர் உடம்பு எரிகிறது என்று உடுப்பைக் கழற்றிவிடுவார்களாம். முடிவெடுக்க வேண்டிய மூளையே முதலில் மங்குகிறது என்றால் அதை எப்படி நம்புவது? அதனால் இனி யோசிப்பதில்லை, வேலை மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டேன். மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் என்ஜினை ஓட்டுவேன். அதற்கு முன் இறங்கி, வண்டியிலிருந்து கையை எடுக்காமலே பின்னால் போய், புகைக்குழாயை மூடிய பனியைத் தோண்டுவேன். அது அடைத்தால் விஷப்புகை உள்ளே வரும், தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைத்து, தகர டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மற்ற ஐம்பது நிமிஷம்தான் கஷ்டம். சின்ன வயதில் விளக்கு அணைந்து நான் பயந்தால், விரல்கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்வாயே, ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் செய்தேன். ஒரு கைக்குப் பன்னிரண்டு. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடுகிறதா என்பதுதான் கை விறைக்கவில்லை என்பதற்கு இங்கே சொல்லும் சோதனையும். நீ சொல்லிக்கொடுத்தது இரண்டுக்கும் உதவியது.

ஷாக்கிள்டன் என்றொருவர் அண்டார்டிகா போன கதையும் மனசில் ஓடியது. 1915இல் கப்பலைப் பனி நொறுக்கிவிட்டது. 22 பேரை எலிஃபண்ட் தீவில் விட்டுவிட்டு அவர் உதவி தேடிப் போனார். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் நான்கு மாதத்துக்கு மேல் கிடந்தார்கள். ஃபிராங்க் வைல்ட் என்பவர்தான் பொறுப்பு. கப்பல் இன்றைக்கு வந்தாலும் வரலாம் என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் படுக்கையைச் சுருட்டி வைக்கச் செய்வாராம். 1916 ஆகஸ்ட் 30ஆம் தேதி கப்பல் வந்தது, 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். நானும் ஒவ்வொரு முறை என்ஜினைப் போடும்போதும் போர்வையை நாலாக மடித்துப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அணைத்ததும் மறுபடி விரித்துப் போர்த்திக்கொண்டேன். யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு மடிப்பது என்று நினைப்பாய். மடிக்கும்போது யாரோ வரப்போகிறார்கள் என்று கை நம்பியது, அக்கா.

நாலரை மணிக்குக் காற்று அடங்கியது. பனி அகற்றும் வண்டியின் விளக்கு தெரிந்தபோது, இதுவும் பொய்யாக இருக்கும் என்று நான் கதவைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் வந்து கண்ணாடியைத் தட்டினார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பல் கிடுகிடுத்ததில் பேச்சு வரவில்லை. "நடுக்கம் இருக்கிறதா, நல்லது" என்றார். நடுக்கம் நின்றுபோனால்தான் அவர்களுக்குப் பயம்.

அதற்கப்புறம் வந்த வாரங்கள் வேறு மாதிரி. டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரம்தான். ஜனவரியிலும் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. காலையில் எழவே மனம் வராமல் கிடந்தேன். டாக்டர் சொல்லி, விடிந்ததும் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) பிரகாசமுள்ள விளக்கு முன்னால் உட்காருகிறேன், மதியம் எத்தனை குளிரானாலும் ஒரு சுற்று நடக்கிறேன். இப்போது பரவாயில்லை. மாலை ஐந்தரைக்கும் வெளிச்சம் இருக்கிறது.

வண்டியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்: மண்வாரி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, விசில், இரண்டு போர்வை. டாங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. ஒன்று மட்டும் குறைகிறது. இதற்குப் பதிலை நீ போனில் சொல்லாதே, உன் கையால் எழுதி அனுப்பு, அந்தப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தாக எழுது. ஒரே தடவையில் படித்து முடிக்க முடியாதபடி நீளமாக எழுது.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் வேண்டாம். குளிர் குறைந்துவிட்டதாம் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் தம்பி