முக்காடும் மணியும்

அன்பு மகளுக்கு,

பூசைக்கு முக்காடு போட ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. முக்காடு போடாதவள் பக்தியில்லாதவள் என்று உன் ஜெபக்குழுவில் பேசிக்கொள்கிறார்களாமே, உன் மகள், நம் சின்னவள், பூசையில் குருவானவருக்குப் பீடத்தில் உதவி செய்வது தப்பு என்றும் சொன்னார்களாமே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முக்காடு ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. பெண்கள் தலையை மூடியும் ஆண்கள் மூடாமலும் கோவிலில் இருக்க வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொன்னது. ஏழு வயதில் ஒரு ஞாயிறு முக்காட்டை மறந்துவிட்டுப் போனேன். உன் பாட்டி தன் கைக்குட்டையை விரித்து, இரண்டு ஊசி குத்தி என் தலையில் வைத்தாள். அது விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே பூசை முடிந்தது. நற்கருணை வாங்கியவர்களைக்கூட நான் பார்க்கவில்லை. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதியே கிடையாது. அதற்கும் முன்பு 1976-இல், குருத்துவம் ஏன் ஆண்களுக்கு மட்டும் என்று விளக்கிய வத்திக்கான் அறிக்கை, திருத்தூதர் பவுல் பைபிளில் சொன்ன முக்காடு பெரும்பாலும் அந்தக் காலத்துப் பழக்கம், இனி அது கட்டாயமில்லை என்றது. குருத்துவத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்காத அறிக்கை அது! அதனால் உனக்கு ஜெபிக்க மனம் ஒன்றினால் போட்டுக்கொள். பக்கத்தில் இருப்பவளின் தலையை மட்டும் அளக்காதே.

பீடத்து விஷயம் எனக்கு இன்னும் வலிக்கும். உன் மாமா ஒன்பது வயதில் அங்கி போட்டு மணியடித்தான். அந்த அங்கிக்கு இஸ்திரி போட்டது நான். பதில் ஜெபங்கள் அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நானும் உதவட்டுமா என்று கேட்டதற்கு, பெண்பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது என்று பதில் வந்தது. அன்றைய சட்டமும் அதுதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெண்பிள்ளைகளும் பீடத்தில் உதவலாம் என்று 1994-இல் ரோம் அனுமதி கொடுத்தபோது நீ என் மடியில் உட்கார்ந்திருந்தாய்.

அனுமதி என்றால் கட்டாயம் இல்லை. மறைமாவட்டத்தில் ஆயர் முடிவு செய்ய வேண்டும், பங்கில் குருவானவர் சம்மதிக்க வேண்டும். அந்த இரண்டும் உங்கள் பங்கில் இருக்கிறதே, அப்புறம் ஜெபக்குழு எதற்குக் கவலைப்படுகிறது? 2016 முதல் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று வழிபாட்டு விதியையே மாற்றினார்கள். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், பூசையில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகளில் பெண்களையும் முறைப்படி ஏற்படுத்தலாம் என்று சட்டத்தைத் திருத்தினார். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆண்களுக்கென்றே வைத்த பணிகள் அவை. இதையெல்லாம் அவர்களிடம் பொறுமையாகச் சொல், சண்டை போடாதே.

சின்னவளின் உயரம் எவ்வளவு என்று எழுது, அங்கியை நானே தைக்கிறேன். மணி எந்தெந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் மனப்பாடம். சனிக்கிழமை ராத்திரி போன் போட்டு அவளிடம் கொடு, சொல்லித்தருகிறேன்.

அம்மா