அந்த ‘ஹி’ யார், மாப்ளே?

மதுரை
சித்திரை 28

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வந்தது. தெரு முழுக்க நீர்மோர்ப் பந்தலும் கூட்டமுமாக இருந்தது. அதில் தபால்காரர் எப்படித்தான் நீந்தி வந்தாரோ. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணில் இப்போது பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. முழங்கால்தான் படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. மற்றபடி சுகம்.

உன் மகள் ஆபீஸில் எழுதிய மெயிலை அவளுடைய மேலதிகாரி ‘ஹூ இஸ் ஹி?’ என்று ஒரே வரி போட்டுத் திருப்பிவிட்டார், பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். முதலில் அவளைச் சாப்பிடச் சொல். வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்தவன் நான். எனக்கே போன வருஷம் இந்த ‘ஹி’யால் அடி விழுந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் இதுவரை சொல்லவில்லை.

எங்கள் ஃபிளாட்டில் எட்டு வீடு. ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னைச் செக்ரட்டரி ஆக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடி வேலை நடந்தபோது தண்ணீர்க் குழாய் உடைந்துபோனது. பில்டரும் கான்ட்ராக்டரும் என் எதிரிலேயே நின்று பேசினார்கள். கான்ட்ராக்டர், “என் ஆளுங்கதான் உடைச்சாங்க, நானே சரி பண்ணித் தர்றேன்” என்றார். வாய்ப்பேச்சை எழுத்தில் பிடித்து வைப்போம் என்று வீட்டுக்கு ஓடிவந்து இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் அடித்தேன். ‘தி கான்ட்ராக்டர் டோல்ட் தி பில்டர் தட் ஹிஸ் மென் ஹேட் ப்ரோக்கன் தி பைப் அண்ட் தட் ஹி வுட் ரிப்பேர் இட்.’ அடித்துவிட்டு ஒருமுறை ரசித்து வேறு படித்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தால், “நீங்களே எழுதியிருக்கீங்களே சார், பில்டரோட ஆளுங்க உடைச்சாங்க, பில்டர் சரி பண்ணுவார்னு” என்கிறார். எடுத்துப் பார்க்கிறேன், அப்படியும் படிக்கலாம்! பில்டர் அந்தப் பக்கம் கான்ட்ராக்டரைக் கை காட்டுகிறார். என் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தப்பித்தார்கள். மூன்று மாதம் சுவர் ஊறியது. கடைசியில் எட்டு வீடும் பங்கு போட்டுத்தான் குழாய் மாற்றினோம். என் வீட்டுக்காரி இன்றைக்கும் குழாயைத் திறக்கும்போதெல்லாம் “இந்த ஹி யாருங்க?” என்று கேட்கிறாள்.

இதையே தமிழில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார். ‘தன் ஆட்கள்தான் குழாயை உடைத்ததாகவும், தானே அதைச் சரிசெய்து தருவதாகவும் கான்ட்ராக்டர் பில்டரிடம் சொன்னார்.’ முடிந்தது கதை. ‘தன்’ என்றால் சொன்னவரைத் தவிர வேறு யாரும் இல்லை. பில்டரின் ஆட்கள் என்றால் ‘அவருடைய ஆட்கள்’ என்று எழுதியிருப்பேன். நமக்குத் ‘தன்’ ஒன்று, ‘அவர்’ ஒன்று என்று இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘ஹிஸ்’தான். நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தத் ‘தன்’ நம் மனசிலேயே தங்கிவிடுகிறது, காகிதத்துக்கு வருவதில்லை. எழுதியவனுக்குக் குழப்பமே தெரியாது, படிப்பவர்தான் முழிப்பார். உன் மகளுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்து என் கையிலேயே இருந்தது. எங்கள் சீனியர், கிரயப் பத்திரத்தில் ‘ஹி’ என்று ஒரு சொல்லைப் பார்த்தால் போதும், சிவப்பு மையால் சுழித்துவிடுவார். “பத்திரத்தில் ஹி வந்தால் பின்னாலேயே கேஸ் வரும்” என்பார். வெண்டார், பர்ச்சேசர், வெண்டார், பர்ச்சேசர் என்று பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். தமிழ்ப் பத்திரத்திலும் ‘எழுதிக் கொடுப்பவர்’, ‘எழுதி வாங்குபவர்’ என்று அதே கதைதானே. அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நம் இங்கிலீஷ் வாத்தியார் ஒரே பெயரை இரண்டு முறை எழுதினால் பிரம்பை எடுப்பாரே, நினைவிருக்கிறதா? அந்தப் பயம் எனக்கு அறுபது வயசு தாண்டியும் போகவில்லை. பெயரைத் திருப்பி எழுதினால் கேவலம் என்று நினைத்து ‘ஹி’ போட்டேன். மகளிடம் சொல், சந்தேகம் வந்தால் பெயரையே மறுபடி எழுதட்டும். காதுக்குக் கொஞ்சம் கட்டையாக இருக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் சொன்னவர் பேச்சை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுவிடலாம். ‘மை மென் ப்ரோக் தி பைப்’ என்று கான்ட்ராக்டர் வாயாலேயே சொல்ல வைத்திருந்தால் எனக்கு இந்த மானக்கேடு வந்திருக்காது.

பெயர் முதலில் வரவேண்டும், ‘அவன்’, ‘அது’ மாதிரியான சுட்டு பின்னால் வரவேண்டும் என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார், தெரியுமா? தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் இருக்கிறது. ‘சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு கொடு’ என்ற மாதிரி உதாரணம் காட்டுவார்கள். ‘அவன் வந்தான், சாத்தனுக்குச் சோறு கொடு’ என்றால் வந்தவன் வேறு ஆளாகிவிடுகிறான். செய்யுளில் மட்டும் சுட்டை முன்னால் வைக்கலாம் என்று அடுத்த சூத்திரத்திலேயே சலுகையும் கொடுத்துவிடுகிறார். கதை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே ‘அவன்’ என்று தொடங்கி நம்மைக் காக்க வைக்கிறார்களே, அது அந்தச் சலுகைதான். ஆபீஸ் மெயிலுக்கு அது கிடையாது.

‘வி’ இன்னொரு தொல்லை. அந்தக் குழாய் விவகாரத்திலேயே கான்ட்ராக்டர் பிறகு ஒரு மெயில் போட்டார், ‘வி ஷல் பேர் தி காஸ்ட்’ என்று. அவர் கம்பெனி ஏற்கும் என்று நாங்கள் எட்டு வீடும் கைதட்டினோம். அவரோ நாங்களும் அவரும் சேர்ந்து ஏற்கவேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்! ‘நாங்கள் ஏற்கிறோம்’ என்பதா, ‘நாம் ஏற்போம்’ என்பதா? தமிழில் மூன்று வயசுப் பிள்ளைகூட இதில் தப்பு செய்யாது. ஆங்கிலத்தில் ‘யூ அண்ட் வி’ என்றோ, கம்பெனி பெயரைச் சொல்லியோ உடைத்து எழுதினால்தான் பிழைக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘வி’யைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

மகளின் மெயிலிலிருந்து நீ எடுத்து எழுதியிருந்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘சர்வர் நின்றது, பேக்கப்பும் தோற்றது, திஸ் கிளையன்டைக் கோபப்படுத்தியது’ என்கிற பாணியில் ஒரு வரி இருக்கிறது. எது கோபப்படுத்தியது? சர்வரா, பேக்கப்பா, இரண்டும் சேர்ந்தா? ‘திஸ்’ஸை மொட்டையாக விடாமல் ஒரு பெயரைக் கூடவே கட்டிவிடச் சொல். ‘திஸ் டிலே’, ‘திஸ் லாஸ்’. அதிகமாகப் போனால் ஒரு சொல்தான் கூடும்.

‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ சரியா, ‘மீ’ சரியா என்று நீ உனக்காக ஒரு கேள்வி நைசாகச் சொருகியிருந்தாய். ‘மீ’தான். ‘ஐ’ போட்டால் மரியாதை கூடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தமிழில் இந்தப் பிரச்சினை வரவே வராது. ‘உனக்கும் எனக்கும்’ என்று இரண்டிலும் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்கிறது. ‘உனக்கும் நானுக்கும்’ என்று யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்தில் ‘யூ’ எங்கே வந்தாலும் ஒரே உருவம், ‘ஐ’தான் மாறும். அதனால் கூட இருப்பவரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ‘ஹி கால்டு ஐ’ என்று வாயில் வருமா? வராது. அப்படியென்றால் ‘ஹி கால்டு மை வைஃப் அண்ட் மீ’. ஷேக்ஸ்பியரே வெனிஸ் வணிகன் நாடகத்தில் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதியிருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ எங்கேயாவது பார்த்துவிட்டு வந்து என் கழுத்தைப் பிடிப்பாய். அவருக்கு எல்லாம் செல்லும். அப்புறம், ‘மைசெல்ஃப் இன்னார்’ என்று அறிமுகம் செய்துகொள்வதை இனிமேலாவது விடு. அந்தச் சொல் ‘ஐ’க்குப் பின்னால் வாலாக வரும், தலையாக வராது.

கடைசியாக, நீ கொதித்து எழுதிய விஷயம். மகளோடு வேலை பார்க்கும் ஒருவர் மெயிலின் அடியில் தன்னைத் ‘தே’ என்று குறிப்பிடும்படி போட்டிருக்கிறார், ஒற்றை ஆளுக்குப் பன்மையா, இங்கிலீஷ் கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு பக்கம் பொரிந்திருக்கிறாய். பொறு மாப்ளே. உங்கள் தெருவில் பெட்டிக்கடை வைத்திருப்பவரை நீ எப்படிச் சொல்வாய்? ‘அவர் வந்தார்’. அந்த ‘அவர்’ பழைய தமிழில் பலரைக் குறித்த சொல். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உயர்வுக்காக வந்தது, இலக்கண வழி அன்று என்று தொல்காப்பியரும் உன்னைப் போலவே முணுமுணுத்திருக்கிறார். வழக்கு கேட்டதா? ‘அவர்’ ஒருமைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது, பலருக்கு ‘அவர்கள்’ என்று இன்னொரு ‘கள்’ போட்டுக்கொண்டோம். ஆணா பெண்ணா என்றும் அந்த ‘அவர்’ சொல்வதில்லை. டாக்டர் வந்தார் என்று நீ சொன்னால், வந்தவர் புடவையா பேன்ட்டா என்று எனக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

ஆங்கிலத்திலும் இது நேற்று முளைத்தது இல்லை. யாரென்று தெரியாத ஒரு ஆளைத் ‘தே’ என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1375-ஆம் ஆண்டுக்கே சான்று காட்டுகிறது. ‘யூ’வும் ஒரு காலத்தில் பன்மைதான், ஒருமைக்கு ‘தௌ’ என்று ஒரு சொல் இருந்து, மரியாதை அதை விழுங்கிவிட்டது. அதனால்தான் ஒரே ஆளைப் பார்த்து இன்றும் ‘யூ ஆர்’ என்கிறோம். ஒரு குறிப்பிட்ட ஆள் தனக்கென்று ‘தே’யைத் தேர்ந்துகொள்வதுதான் புதுசு. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-இல் ‘தே’யை அந்த ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது.

நம் சட்டத்தையே பார். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 8-ஆம் பிரிவு, ‘ஹி’ என்றால் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்று சொன்னது. அந்தப் பிரிவை நான் எத்தனை முறை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆண், பெண், திருநர் என்று மூவரையும் அந்த ‘ஹி’க்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடத் ‘தே’ வசதி. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பக்கத்திலேயே ஒரு கூட்டமும் இருந்தால், ‘தே’ அந்த ஆளா கூட்டமா என்று மறுபடி குழாய் உடையும். அங்கே பெயரை எழுதிவிடவேண்டியதுதான். மற்றபடி, அந்தப் பிள்ளை எப்படிக் கூப்பிடச் சொல்கிறதோ அப்படியே கூப்பிடச் சொல். (பார், ‘பிள்ளை’ என்றதும் வினை அஃறிணைக்குப் போய்விட்டது. இதை ஆங்கிலத்தில் ‘இட்’ என்று எழுதிவிடாதே, அடி விழும்.)

மகளை அடுத்த மெயிலை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பச் சொல். ஒவ்வொரு ‘ஹி’, ‘இட்’, ‘தே’யிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு இரண்டு பக்கம் போனால் அந்த இடத்தைச் சுழித்து அனுப்புகிறேன். சீனியரின் சிவப்பு மைதான் இல்லை.

வைகாசி கடைசியில் நாங்கள் அங்கே வருகிறோம். நாங்கள் என்றால் நானும் வீட்டுக்காரியும். வந்ததும் நாம் குற்றாலம் போகலாம், சாரல் அதற்குள் தொடங்கியிருக்கும். தங்கச்சியையும் கிளப்பு. செலவு யாருடையது என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்